மேலேயும் x², கீழேயும் x². அடித்தால் என்ன தப்பு?

தென்காசி_அம்மா · இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. மூன்றாம் பாடம் இயற்கணிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று கையில் கொடுத்த தேர்வுத் தாளில் ஒரு இரண்டு மதிப்பெண் கணக்குக்கு முட்டை.

சுருக்குக: (x² − 9) / (x² + 5x + 6)

மேலே இருந்த x², கீழே இருந்த x² இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு −9 / (5x + 6) என்று எழுதி, அதற்கு ஒரு கட்டமும் போட்டிருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. வேறு ஒரு வார்த்தை இல்லை.

"6/8-ல ரெண்டால அடிக்கிறோம்ல, அதே மாதிரிதானேம்மா?" என்று கேட்கிறாள். நான் ப்ளஸ் டூவில் வணிகவியல். தப்பு என்று தெரிகிறது, ஏன் தப்பு என்று சொல்ல வரவில்லை. "காரணிப்படுத்தணும்டி" என்றால் "ஏன்?" என்கிறாள். யாராவது சொல்லுங்களேன்.

டியூஷன்_அண்ணா · 9.20

ரொம்ப எளிது அக்கா. மேலே (x + 3)(x − 3). கீழே (x + 2)(x + 3). பொதுவாக இருக்கும் (x + 3) அடிபடும். விடை (x − 3) / (x + 2). முடிந்தது.

தென்காசி_அம்மா · 9.24

விடை புத்தகத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது தம்பி. (x + 3)-ஐ அடிக்கலாம், x²-ஐ அடிக்கக் கூடாது. அது ஏன் என்பதுதான் அவள் கேள்வி.

பழைய_கரும்பலகை · 10.05

அம்மா, நல்ல கேள்வி கேட்கிற பிள்ளை. முப்பது வருஷம் கணக்கு எடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி எதையும் சொல்லாதீர்கள். x-க்கு 1 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியில் மேலே 1 − 9 = −8, கீழே 1 + 5 + 6 = 12. அதாவது −8/12, சுருக்கினால் −2/3. அவள் விடையில் 1 போட்டால் −9/11. இரண்டும் ஒன்றில்லை. புத்தக விடையில் போட்டால் (1 − 3)/(1 + 2) = −2/3. பொருந்துகிறது. சுருக்குவது என்றால் ஆள் மாறக் கூடாது, சட்டை மட்டும்தான் மாறலாம். அவள் போட்டதில் ஆளே மாறிவிட்டான். இதை அவளே கண்டுபிடிக்கட்டும், நாம் சொன்னால் ஒட்டாது.

அடுத்து, அவளுடைய 6/8. அங்கே அவள் என்ன செய்கிறாள்? 6 என்பது 2 × 3, 8 என்பது 2 × 4. மேலேயும் கீழேயும் பெருக்கிக்கொண்டு நிற்கிற 2-ஐ எடுக்கிறாள். அதையே கூட்டலாக எழுதிக் காட்டுங்கள்: (2 + 4) / (2 + 6). இதுவும் 6/8தான். இப்போது அந்த இரண்டு 2-ஐயும் அடித்தால் 4/6. 6/8-ம் 4/6-ம் ஒன்றா? ரூபாயாகச் சொன்னால் ஒன்று 75 பைசா, இன்னொன்று 67 பைசா கூட வராது.

"அடிப்பது" என்ற சொல்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. கோடு போட்டு அடித்தால் காணாமல் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது வகுத்தல். மேலேயும் ஒரே எண்ணால் வகுக்கிறோம், கீழேயும் அதே எண்ணால் வகுக்கிறோம்.

அதனால் உங்கள் பெண்ணிடம் "x²-ஆல் வகுக்காதே" என்று சொல்லவே வேண்டாம். தாராளமாக வகுக்கட்டும். ஆனால் வகுத்தால் பக்கத்தில் இருக்கும் 9-க்கும் அந்தப் பங்கு போக வேண்டும்:

(1 − 9/x²) / (1 + 5/x + 6/x²)

இது தப்பே இல்லை. x = 1 போட்டால் மறுபடி −8/12 வரும். சுருங்குவதற்குப் பதில் ஊதிவிட்டது, அவ்வளவுதான். அவள் x²-ஐ மட்டும் வகுத்துவிட்டு 9, 5x, 6 மூன்றையும் விட்டுவிட்டாள். இன்னொன்றும் கவனியுங்கள். x²-ஐ x²-ஆல் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும். அவள் தாளில் அந்த 1-ம் இல்லை, வெறும் −9. ஆக ஒரே கோட்டில் இரண்டு தப்பு.

இப்போது அவளுடைய "ஏன்?". வகுக்கும்போது எந்த உறுப்பும் விட்டுப்போகக் கூடாது என்றால், மொத்தக் கோவையும் ஒரே பெருக்கலாக நிற்க வேண்டும். x² + 5x + 6 கூட்டலாக நிற்கிறது. அதை (x + 2) × (x + 3) என்று பெருக்கலாக மாற்றுவதற்குத்தான் காரணிப்படுத்துகிறோம். அதற்குப் பிறகு (x + 3)-ஆல் வகுத்தால் மொத்தத்துக்கும் ஒரே அடியில் பங்கு போய்விடும்.

ப்ளஸ்ஒன்_பையன் · 10.31

சார், 16/64-ல் மேலே இருக்கும் 6-ஐயும் கீழே இருக்கும் 6-ஐயும் அடித்தால் 1/4. சரியான விடை!! 😄

பழைய_கரும்பலகை · 10.40

தெரியும் தம்பி. 19/95, 26/65, 49/98 என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்றைவிடச் சிறிய ஈரிலக்கப் பின்னங்களில், 11-இன் மடங்குகளையும் 10/20 மாதிரி பூஜ்யத்தை அடிப்பதையும் விட்டால், இந்த நான்கே நான்குதான். அதை அந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் காட்டிவிடாதே, நான் எழுதியதெல்லாம் வீணாகப் போகும்.

பருத்தித்துறை_ஆசிரியர் · 11.02

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இதை அட்சரகணிதப் பின்னங்கள் என்போம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் விடுகிற பிழையும் அச்சொட்டாக இதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. அடிப்பது என்று நீங்கள் சொல்வது எங்களிடம் வெட்டுவது.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற ஒரு பழக்கம்: வெட்டத் தொடங்க முன்னம் மேலேயும் கீழேயும் முழுக் கோவைக்கும் அடைப்புக்குறி போடு. (x² − 9), (x² + 5x + 6). அடைப்புக்குறி ஒரு வீடு. வீட்டுக்குள் இருக்கிற ஒருவரை மட்டும் இழுத்து வெளியில் எடுக்க ஏலாது, வெட்டுவதென்றால் வீட்டோடு வெட்டு. இரண்டு வீடு அச்சொட்டாக ஒரே மாதிரி வரும்வரைக்கும் பேனையைத் தூக்காதே. இதைச் சொன்ன பிறகு பாதிப் பிள்ளைகளாவது நின்று யோசிப்பார்கள். மிச்சப் பாதி அப்போதும் வெட்டும், அது வேறு கதை.

தென்காசி_அம்மா · மறுநாள் மாலை 6.48

எல்லோருக்கும் நன்றி. x-க்கு 1 போட்டுப் பார்த்தது நன்றாக வேலை செய்தது. −9/11 வந்ததும் அவளே "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வீடு கதையும் பிடித்துவிட்டது. தம்பியிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் நாலாம் வகுப்பு, ஒன்றும் புரியாமல் தலையாட்டுகிறான்.

இப்போது அடுத்தது: (6x² − x − 12) / (4x² − 9). கீழே (2x + 3)(2x − 3) என்று போட்டுவிட்டாள், மேலே சிக்கிவிட்டாள். x²-க்கு முன்னால் எண் வந்தாலே பயப்படுகிறாள்.

டியூஷன்_அண்ணா · 7.05

இதுக்குத்தான் நான் இருக்கேன் அக்கா.

முதல் கெழுவையும் கடைசி மாறிலியையும் பெருக்கு: 6 × (−12) = −72. பெரிய பெருக்கல் குறி ஒன்று வரைந்து மேலே −72, கீழே நடு உறுப்பின் கெழு −1. பெருக்கினால் −72, கூட்டினால் −1 வர வேண்டும். 72-ஐ ஜோடி ஜோடியாக எழுதச் சொல்லுங்கள்: 1, 72. 2, 36. 3, 24. 4, 18. 6, 12. 8, 9. வித்தியாசம் 1 வருவது கடைசி ஜோடி மட்டும்தான். பெரிய எண்ணுக்குக் கழித்தல் குறி. ஆக −9, +8.

6x² − 9x + 8x − 12
= 3x(2x − 3) + 4(2x − 3)
= (2x − 3)(3x + 4)

கீழே இருக்கும் (2x − 3)-உடன் அடிபடும். விடை (3x + 4) / (2x + 3).

ஒரு குறுக்கு வழி: கீழே (2x − 3), (2x + 3) என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. சுருக்கச் சொல்லியிருக்கிறான் என்றால் இதில் ஒன்று மேலேயும் இருக்கும். அதை வைத்தே பிடித்துவிடலாம்.

கோவை_மெக்கானிக்கல் · 7.22

ஏன் இவ்வளவு பாடு? என்னிடம் இருக்கும் கால்குலேட்டரில் 6, −1, −12 என்று அடித்தால் மூலங்கள் 3/2, −4/3 என்று வந்துவிடும். அப்படியே (x − 3/2)(x + 4/3) என்று எழுதினால் வேலை முடிந்தது.

டியூஷன்_அண்ணா · 7.26

பத்தாம் வகுப்புத் தேர்வறைக்குள் கால்குலேட்டர் கிடையாது சார்.

பழைய_கரும்பலகை · 8.10

இருந்தாலும் வேலை முடியவில்லை. (x − 3/2)(x + 4/3)-ஐப் பெருக்கிப் பாருங்கள், x²-இல் தொடங்கும். நமக்கு வேண்டியது 6x². அந்த 6 எங்கே போனது? மூலத்தை வைத்துக் காரணி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தொலைப்பது இந்த 6-ஐத்தான். 6-ஐ முன்னால் போட்டு, அதை 2 × 3 என்று பிரித்து, 2-ஐ முதல் அடைப்புக்கும் 3-ஐ இரண்டாவதற்கும் கொடுத்தால்தான் (2x − 3)(3x + 4) ஆகும். சமன்பாடு என்றால் வலது பக்கம் பூஜ்யம் இருக்கிறது, 6 போனால் போகட்டும். பின்னத்தில் போனால் விடை ஆறில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம், −72 எதற்கு என்று அந்தப் பெண் கேட்பாள், இதுவரை பார்த்ததில் எனக்கு அது நிச்சயம். பின்னாலிருந்து காட்டுங்கள். (2x − 3)(3x + 4)-ஐப் பெருக்கினால் நடுவில் இரண்டு துண்டு வருகிறது: 2x × 4 = 8x, −3 × 3x = −9x. இந்த 8-க்குள் 2-ம் 4-ம் இருக்கின்றன. −9-க்குள் −3-ம் 3-ம் இருக்கின்றன. 8-ஐயும் −9-ஐயும் பெருக்கினால் 2, 4, −3, 3 நான்கும் சேர்ந்து பெருகுகின்றன. முதல் கெழு 6 என்பது 2 × 3. கடைசி −12 என்பது −3 × 4. அவற்றைப் பெருக்கினாலும் அதே நான்கு எண்கள்தான். அதனால்தான் இரண்டும் −72. எண்கள் அடைப்புக்குள் இடம் மாறி நிற்கின்றன, வேறு மந்திரம் எதுவும் இல்லை.

நைட்ஷிப்ட் · 11.50

யாரும் இந்த வழியைச் சொல்லாததால் எழுதுகிறேன். எனக்கு 72-க்கு ஜோடி தேடுவதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வராது.

மேலேயும் கீழேயும் பொதுவாக ஒரு காரணி இருக்கிறது என்றால், மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தாலும் அந்தக் காரணி மிச்சத்திலும் இருந்தே தீரும். 21-ம் 35-ம் 7-ஆல் வகுபடும் என்றால் 35 − 21 = 14-ம் வகுபடுகிறது இல்லையா, அதேதான்.

முதல் கணக்கு: (x² + 5x + 6) − (x² − 9) = 5x + 15 = 5(x + 3). பொதுக் காரணி இருந்தால் அது (x + 3)தான். x = −3 போட்டால் 9 − 9 = 0. இருக்கிறது. முடிந்தது.

இரண்டாவது: x² அடிபட வேண்டும். மேலே இருப்பதை 2-ஆல் பெருக்கு, கீழே இருப்பதை 3-ஆல் பெருக்கு, கழி.

12x² − 2x − 24 − (12x² − 27) = −2x + 3

அதாவது −(2x − 3). பொதுக் காரணி கையில் வந்துவிட்டது. அதன் பிறகு 6x² − x − 12 = (2x − 3)(__ + __) என்பதில் கோடிட்ட இடம் நிரப்புவதுதான். முதல் இடத்தில் 3x, இல்லாவிட்டால் 6x² வராது. கடைசியில் 4, இல்லாவிட்டால் −12 வராது.

சில சமயம் ஏமாற்றும், ஜாக்கிரதை. x² + 3x + 2, x² + 5x + 8 என்று கொடுத்தால் கழித்தால் 2x + 6 வரும். உடனே (x + 3) என்று குதிக்கக் கூடாது. x = −3 போட்டால் முதலாவது 9 − 9 + 2 = 2. பூஜ்யம் இல்லை. ஆகவே பொதுக் காரணியே இல்லை, அந்தப் பின்னம் சுருங்காது.

டியூஷன்_அண்ணா · மறுநாள் காலை 7.15

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைத் தாளில் எழுதினால் திருத்துகிறவர் முழிப்பார் அண்ணா. படிக்குப் படி மதிப்பெண். குறுக்குக்கோடு, நடு உறுப்பைப் பிரித்தல், இதுதான் எதிர்பார்ப்பார்கள்.

பழைய_கரும்பலகை · 8.30

எழுத வேண்டாம், ஓரத்தில் போட்டுப் பார்க்கட்டும். பொதுக் காரணி எது என்று தெரிந்துவிட்டால் நடு உறுப்பைப் பிரிப்பது தானாக வரும். நைட்ஷிப்ட் சொன்னது யூக்ளிட் எண்களுக்கு மீப்பெரு பொது வகுத்தி காணச் சொன்ன வழி. சுமார் இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆயிற்று. இதே மூன்றாம் பாடத்தில் பல்லுறுப்புக் கோவைகளுக்கு நீள் வகுத்தலாகவும் வருகிறது. பிள்ளைகள் அதை ஒரு தனிக் கணக்காகப் போட்டுவிட்டு, விகிதமுறு கோவை, அதாவது இந்த மாதிரிப் பின்னம், வந்ததும் மறந்துவிடுவார்கள்.

ப்ளஸ்ஒன்_பையன் · 5.40

எனக்கு ஒரு சந்தேகம். முதல் கணக்கில் விடை (x − 3)/(x + 2) என்று வந்த பிறகு x = −3 போடலாமா? போட்டால் −6/−1 = 6 வருகிறது. கேள்வியில் போட்டால் 0/0. எங்கள் வகுப்பில் இருவர் இதற்காகக் கிட்டத்தட்ட சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

கோவை_மெக்கானிக்கல் · 6.02

அடித்த பிறகு (x + 3) இல்லவே இல்லை. தாராளமாகப் போடலாம், 6தான்.

பருத்தித்துறை_ஆசிரியர் · 6.30

இல்லை. வெட்டுவது என்றால் வகுப்பது என்று மேலே ஐயா சொன்னார். (x + 3)-ஆல் வகுத்தீர்கள். x = −3 என்றால் நீங்கள் வகுத்தது பூச்சியத்தால். அந்த ஓர் இடத்தில் வெட்டுகிற உரிமையே உங்களுக்கு இல்லை.

கோவை_மெக்கானிக்கல் · 6.41

வரைபடம் வரைந்து பார்த்தேன் சார், −3-இல் கோடு அறுபடாமல் போகிறது.

பருத்தித்துறை_ஆசிரியர் · 6.55

ஒரு புள்ளிக்கு அகலம் இல்லை. (−3, 6) என்ற இடத்தில் ஒரேயொரு புள்ளி காணாமல் போயிருக்கிறது, அது திரையில் எப்படித் தெரியும்? கையால் வரைகிறபோது அந்த இடத்தில் ஒரு சின்ன வெறும் வட்டம் போட்டுக் காட்டுவோம். x = −2-இல் நடப்பது வேறு. அங்கே மேலே −5, கீழே பூச்சியம். கோடு மேலும் கீழுமாகப் பிய்த்துக்கொண்டு போகும். கேள்வியில் −2, −3 இரண்டுமே விலக்கப்பட்ட மதிப்புகள்தான். ஆனால் ஒன்று வெறும் ஓட்டை, மற்றது பள்ளத்தாக்கு.

பழைய_கரும்பலகை · 7.20

ப்ளஸ் ஒன் தம்பி, எல்லை என்ற பாடம் உனக்கு வரும். அங்கே x, −3-ஐ நெருங்க நெருங்க இதன் மதிப்பு என்ன என்று கேட்பார்கள். அப்போது இந்த 6தான் விடை. நெருங்கினால் 6, போய் நின்றால் ஒன்றும் இல்லை. உன் வகுப்பில் சண்டை போட்ட இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தென்காசி_அம்மா · நான்கு நாள் கழித்து, இரவு 8.15

மறுபடியும் நான்தான். இந்த முறை அவளே போட்டது, நான் தட்டச்சு மட்டும். சரியா என்று பாருங்கள்.

(x² − 16)/(x² − 2x − 8) ÷ (x² + x − 12)/(x² − 4)

இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கியிருக்கிறாள்:

(x + 4)(x − 4) / (x − 4)(x + 2) × (x + 2)(x − 2) / (x + 4)(x − 3)

= (x − 2)/(x − 3)

x = 1 போட்டுச் சரிபார்த்தாளாம், இரண்டு பக்கமும் 1/2. பக்கத்தில் "x ≠ 4, −2, −4, 3" என்றும் எழுதியிருக்கிறாள். அடித்ததையெல்லாம் எண்ணி எழுதினேன் என்கிறாள்.

டியூஷன்_அண்ணா · 8.22

சூப்பர். முழு மதிப்பெண்.

பழைய_கரும்பலகை · 8.50

விடை சரி. அந்தப் பட்டியலில் ஒன்று குறைகிறது. இரண்டாவது பின்னம் தலைகீழாவதற்கு முன்னால் அதன் பகுதியில் x² − 4 இருந்தது. தலைகீழாக்கியதும் அது மேலே போய்விட்டது, அதனால் கண்ணில் படவில்லை. x = 2 போட்டால் அவள் விடையில் 0 வரும். கேள்வியில் போட்டால் முதலிலேயே பகுதி பூஜ்யமாகி நின்றுவிடும். வகுத்தல் கணக்கில் இரண்டாவது பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டையுமே பார்க்க வேண்டும்.

தென்காசி_அம்மா · 9.30

சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் நோட்டை எடுத்து 4-க்கும் −2-க்கும் நடுவில் இடமில்லாத இடத்தில் ஒரு 2-ஐ நுணுக்கி எழுதிவிட்டாள். "இதுக்கு மார்க் கிடையாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நாளை வர்க்கமூலம் ஆரம்பிக்கிறார்களாம். அநேகமாக வேறொரு இழையில் வந்து உங்களைப் பிடிப்பேன்.